நீக்கியாச்சு, அறிக்கையில் என்ன எழுதுவது?

பத்திரிகைக் குறிப்பு எழுதிக் கொடுப்பதுதான் என் பிழைப்பு. ஊழல் புகாரில் அதிகாரிகளை நீக்கும்போது எதைச் சொல்வது, எதை விழுங்குவது என்று கேட்டிருந்தீர்கள்.

கேள்வி: ‘பணியிடை நீக்கம்’ என்பதை ‘பணிநீக்கம்’ என்று போட்டால் என்ன குடியா முழுகிவிடும்?

முழுகும். விசாரணை முடியும்வரை ஒதுக்கி வைப்பது முதலாவது. வேலையே போவது இரண்டாவது. உத்தரவில் ஒன்று, அறிக்கையில் இன்னொன்று என்றால், ‘விசாரிக்கும் முன்பே முடிவு கட்டிவிட்டார்கள்’ என்று வாதாட அவருடைய வக்கீலுக்கு நீங்களே துருப்புச்சீட்டைக் கொடுக்கிறீர்கள். எழுத உட்கார்ந்ததும் நான் கேட்பது உத்தரவின் நகலை. அதில் இருக்கும் சொல்லைத்தான் எடுப்பேன். போனில் சொன்னதை நம்பி எழுதி ஒருமுறை சூடுபட்டவன் நான்.

கேள்வி: மக்கள் கொதிக்கிறார்கள். ‘இவர்தான் குற்றவாளி’ என்று சொல்ல எங்கள் தலைவர் துடிக்கிறார்.

பிடித்து நிறுத்துங்கள். 1976 டிசம்பரில் பிரான்சில் ஒரு கொலை வழக்கு. உள்துறை அமைச்சரும் போலீஸ் உயரதிகாரிகளும் நடத்திய பத்திரிகையாளர் சந்திப்பில், கொலைக்குத் தூண்டியவர் இன்னார் என்று சொல்லிவிட்டார்கள். பின்னால் அந்த ஆள் வழக்கிலிருந்தே விடுவிக்கப்பட்டார். 1995 பிப்ரவரியில் ஐரோப்பிய மனித உரிமை நீதிமன்றம், நிரபராதியாகக் கருதப்படும் அவருடைய உரிமை மீறப்பட்டது என்று தீர்ப்பளித்து, 20 லட்சம் பிராங்க் இழப்பீடு கொடுக்கச் சொன்னது. ஊழல் வழக்கு இல்லைதான். ஆனால் மைக் முன்னால் நாக்கு செய்யும் வேலை எல்லா வழக்கிலும் ஒன்றுதான். ‘புகார் வந்துள்ளது, விசாரணை நடக்கிறது, அதுவரை பொறுப்பில் இருக்க மாட்டார்’ என்பது போதும்.

கேள்வி: விலகுபவரைப் பாராட்டி இரண்டு வரி சேர்க்கலாமா? நீண்ட நாள் உழைத்தவர்.

வாட்டர்கேட் ஊழலில் சிக்கிய அமெரிக்க அதிபர் நிக்சனைக் கேளுங்கள். 1973 ஏப்ரல் 30 அன்று தொலைக்காட்சியில் தோன்றி, தன் நெருங்கிய உதவியாளர்கள் ஹால்டிமேன், எர்லிக்மேன் இருவரும் விலகுவதாக அறிவித்தார். தனக்குத் தெரிந்த மிகச் சிறந்த அரசு ஊழியர்களில் இருவர் என்று புகழ்ந்தார். உண்மையில் வெளியே தள்ளப்பட்ட சட்ட ஆலோசகர் ஜான் டீனுக்கு ஒரே வரி: அவரும் ராஜினாமா செய்துவிட்டார். அதே ஆண்டு ஜூனிலேயே டீன், ஊழலை விசாரித்த செனட் குழு முன் உட்கார்ந்து நாள்கணக்கில் எல்லாவற்றையும் கொட்டினார். புகழப்பட்ட இருவரும் 1975 புத்தாண்டு தினத்தில் குற்றவாளிகள் என்று தீர்ப்பானது. ‘விலகலை ஏற்றுக்கொண்டோம்’ என்று முடித்துவிடுங்கள். பிரிவுபசார உரைக்கு இது நேரமில்லை.

கேள்வி: ‘குற்றச்சாட்டு பொய், ஆனாலும் விலகுகிறார்’ என்று எழுதினால்?

உக்ரைனில் 2023 ஜனவரியில் நடந்தது அதுதான். ராணுவ உணவு ஒப்பந்தத்தில் முட்டை ஒன்று 17 ஹ்ரிவ்னியா (அந்த நாட்டுப் பணம்), கடை விலையைவிட மிக அதிகம் என்று செய்தி வெடித்தது. பாதுகாப்புத் துறை துணை அமைச்சர் விலகினார். குற்றச்சாட்டு ஆதாரமற்றது என்றது அவருடைய அமைச்சகம். பொய் என்றால் ஏன் போகிறார் என்று படிக்கிறவன் கேட்க மாட்டானா? இரண்டில் ஒன்றைச் சொல்லுங்கள்.

கேள்வி: தலைவர் தன் பங்குக்கு ஏதாவது பேச வேண்டாமா?

பேசலாம், தன்னைத் தவிர வேறு எதைப் பற்றியும். 1999 மார்ச்சில், ஐரோப்பிய ஒன்றியத்தின் நிர்வாக அமைப்பான ஐரோப்பிய ஆணையமே முறைகேட்டுப் புகாரில் கூண்டோடு ராஜினாமா செய்த மறுநாள், அதன் தலைவர் ஜாக் சான்டேர் தான் ‘வெள்ளையைவிட வெள்ளை’ என்றார். மற்றது மறந்துபோயிற்று, அந்த வெள்ளை நிற்கிறது.

கேள்வி: யாருக்கு முதலில் தெரிய வேண்டும்?

நீக்கப்படுபவருக்கு. பிறகு அவருக்குக் கீழே வேலை செய்தவர்களுக்கு. அப்புறம்தான் பத்திரிகைக்கு. உத்தரவு அவர் கைக்குப் போய்ச் சேர்ந்ததா, கையெழுத்து வாங்கியாச்சா, அப்போது மணி என்ன என்று குறித்துக்கொண்டு பிறகு ‘அனுப்பு’ பொத்தானைத் தொடுங்கள்.