பிரேக் ஆயில் மாற்றுவது: கேள்வி பதில்

கேள்வி: ஐந்து ஆண்டில் என் வண்டி எட்டாயிரம் கிலோமீட்டர்கூட ஓடவில்லை. பிரேக் ஆயிலை மாற்றத்தான் வேண்டுமா, ஐயா?

பதில்: கட்டாயம் மாற்றுங்கள். இஞ்சின் ஆயிலைப் போல ஓடிய தூரத்தை வைத்து இதைக் கணக்கிடக் கூடாது. பிரேக் ஆயிலை டாட் (DOT) என்ற தர எண்ணால் பிரிக்கிறார்கள். டாட் 3, டாட் 4, டாட் 5.1 மூன்றுமே காற்றின் ஈரத்தை உறிஞ்சும் கிளைகால் (glycol) என்ற வேதிப்பொருள் வகை. மூடி இறுக்கமாக இருந்தாலும் ரப்பர் ஹோஸின் வழியே ஈரம் மெல்ல உள்ளே போகும். நிறுத்திவைத்த வண்டியிலும் இது நடக்கும். இரண்டு ஆண்டுக்கு ஒரு முறை மாற்றச் சொல்வது அதனால்தான்.

கேள்வி: மலைப்பாதையில் இறங்கும்போது பிரேக் லிவர் கைப்பிடிவரை வந்துவிட்டது. சற்று நேரம் நின்றதும் சரியாகிவிட்டது. அப்படியே ஓட்டலாமா?

பதில்: தயவுசெய்து ஓட்டாதீர்கள். படித்ததும் பதறிவிட்டேன். புதிய டாட் 4 குறைந்தது 230 டிகிரி செல்சியஸ் வரை கொதிக்கக் கூடாது, 3.7 சதவீத நீர் கலந்துவிட்டால் அந்த வரம்பு 155 ஆகிவிடுகிறது. பிரேக்கைப் பிடித்தபடியே இறங்கும்போது, சக்கரத் தட்டில் பேடை அழுத்தும் காலிப்பர் கடுமையாகச் சூடேறி, ஆயில் கொதித்துக் குமிழ் விடும். குமிழ் அமுங்கும், திரவம் அமுங்காது. உங்கள் விரலின் பலம் முழுவதும் குமிழை நசுக்குவதிலேயே தீர்ந்துபோக, பேடுக்கு ஒன்றும் போய்ச் சேரவில்லை. சூடு ஆறியதும் லிவர் நிமிர்ந்தது, நீர் உள்ளேயேதான் இருக்கிறது.

ஏழு ஆண்டு யாரும் தொடாத ஒரு வண்டியைப் பிரித்திருக்கிறேன். லிவரை அழுத்தும்போது ஆயிலைத் தள்ளும் மாஸ்டர் சிலிண்டரின் அடியில் பழுப்பாகக் கசடு. பிஸ்டனில் நகத்தை ஓட்டினால் துருக்குழிகள் தட்டுப்பட்டன. ஆயிலோடு போகவேண்டிய வேலை காலிப்பர்வரை போய்விட்டது.

கேள்வி: ஆயில் தெளிவாக இருந்தால் போதாதா?

பதில்: போதாது. கலந்த நீர் கண்ணுக்குத் தெரியாது.

கேள்வி: அளவு குறைந்திருக்கிறது. போன ஆண்டு திறந்த பாட்டிலில் மிச்சம் உள்ளதை ஊற்றலாமா?

பதில்: வேண்டாம், அதுவும் ஈரம் குடித்திருக்கும். முதலில் பேடைப் பாருங்கள். பேட் தேயத் தேய அளவு இறங்கும். தேயவில்லை என்றால் கசிவைத் தேடுங்கள். வாங்கும்போது வண்டியின் பிரேக் ஆயில் டப்பா மூடியில் எழுதியிருக்கும் வகையையே வாங்குங்கள். டாட் 5 சிலிக்கோன் வகை. பெயர் ஒத்திருக்கிறதே என்று 5.1-க்குப் பதிலாக ஊற்றிவிடாதீர்கள்.

கேள்வி: வீட்டிலேயே நானே மாற்றலாமா?

பதில்: முதல் முறை பழகிய ஒருவரை அருகில் வைத்துக்கொள்ளுங்கள். ஏபிஎஸ் வண்டியானால் மெக்கானிக்கிடம் விடுவதே நல்லது. ஆயில் பட்டால் பெயின்ட் உரிந்துவிடும். பெட்ரோல் டேங்கைத் துணியால் மூடுங்கள், சிந்தினால் உடனே தண்ணீர் விட்டுக் கழுவுங்கள். காலிப்பரில் உள்ள நிப்பிள் (ஆயில் வடிக்கும் திருகு) வழியே பழையதை வெளியேற்றும்போது மேலே டப்பாவில் ஆயில் வற்றவே கூடாது, வற்றினால் காற்று புகுந்துவிடும். வேலை முடிந்ததும் லிவரைப் பலமுறை அழுத்திப் பாருங்கள். கெட்டியாக நின்ற பிறகே வண்டியை நகர்த்துங்கள்.