மலை றோட்டுக்கும் பாலைவனத்துக்கும் என்ன சைக்கிள் வாங்கிற? – கேள்வி-பதில்

போன கிழமை முழுக்க ஃபேனும் கிரைண்டருமாப் போச்சு, இந்தக் கிழமை எடுத்த மூண்டு கேள்வியும் சைக்கிள். பெற்றோல் விலை செய்த வேலையோ தெரியா.

கேள்வி (கல்லடியில இருந்து ஒரு தம்பி): அண்ணா, நானும் ரெண்டு பெடியனுகளும் ஏப்ரல் லீவுக்கு செங்கலடியால புல்லுமலை, மஹாஓயா, பிபிலை, லுணுகலை, பசறை எண்டு பதுளைக்கு ஓடப்போறம். ஒரு கடையில ஜப்பான்ல இருந்து வந்த பழைய றேஸ் சைக்கிள் 85 ஆயிரம் சொல்றாங்க. அலுமினியம் ஃப்ரேம், ஒரு கையால தூக்கலாம். முன்னுக்கு 53, 39 பல்லு, பின்னுக்கு ஆகப் பெருசு 25. எடுக்கலாமா?

பதில்: இந்த கியரோட எடுக்காதீங்க தம்பி. மட்டக்களப்பில எங்களுக்கு மலையெண்டா கல்லடிப் பாலந்தான், அதுல இந்த சைக்கிள் பறக்கும், கடைக்காரரும் "பாத்தீங்களா" எண்டு சிரிப்பார், ஆனா நீங்க சொல்ற ஏ5 றோட்டு பிபிலை தாண்டினாப் பிறகு ஏறி, இறங்கி, திரும்ப ஏறி எண்டு காலை உடைச்சிரும். பதுளை 680 மீற்றர் உயரந்தானே எண்டு ஏமாறாதீங்க, வழியில இறங்கினதையெல்லாம் திரும்ப ஏறோணும்.

கணக்கு லேசு. 39ஐ 25ஆல பிரிச்சா 1.56. றேஸ் சைக்கிள் சில்லு ஒரு சுத்துக்கு 2.1 மீற்றர் அளவு ஓடும், அப்ப பெடலை ஒருக்கா முழுசா மிதிச்சா சைக்கிள் 3.3 மீற்றர் போகும். சமதரையில அது ஒண்டுமே இல்ல, ஆனா மலையில உங்கட பாரத்தையும் பையையும் சேத்து ஒவ்வொரு மிதிக்கும் ஏத்தத்தில 3.3 மீற்றர் தள்ளிக் குடுக்கோணும், பழக்கமில்லாத கால் அரை மணித்தியாலத்தில "போதும் ராசா" எண்டுரும். முன்னுக்கு 34, பின்னுக்கு 32 எண்டா அதே ஒரு மிதிக்கு 2.2 மீற்றர்தான். மெதுவாப் போவீங்க, ஆனா சைக்கிள்ள இருந்தே போவீங்க, தள்ளிக்கொண்டு போக மாட்டீங்க.

"39ஐக் கழட்டிட்டு 34 போட்டுத் தாறம்" எண்டு கடைக்காரர் சொன்னா நம்பாதீங்க. 53-39 வாற க்ராங்கில, அதான் பெடல் தண்டும் முன் பல்லும் பூட்டுற பாகத்தில, அனேகமா நட் பூட்டுற ஓட்டைகள் 130 மில்லிமீற்றர் வட்டத்தில இருக்கும், அதுக்கு 38க்குக் கீழ பல்லு பூட்டேலாது. க்ராங்கையே மாத்தோணும். இல்லாட்டி பின்னுக்கு 28 பல்லு வாற செட் ஒண்டு போடுங்க, அதுக்கு மேல பெருசாக்கிறதெண்டா பின் கியர் மாத்துற கை நீளமானதா இருக்கோணும், கட்டைக் கை எண்டா செயின் இழுபடும். இந்தச் செலவை முதலே 85ல இருந்து கழிச்சுப் பேசுங்க.

கடைக்குப் போகக்க ஸ்கூல் பிள்ளைட அடிமட்டம் ஒண்டு, 12 அங்குலம் உள்ளது, கொண்டு போங்க. செயின்ல ஒரு பின்னுக்கு நேரா பூச்சியத்தை வையுங்க. புதுச் செயின் எண்டா இருபத்தி நாலாவது பின் சரியா 12 அங்குலத்தில நிக்கும். பதினாறில ஒரு பங்கு அங்குலம் தள்ளி நிண்டா செயின் மாத்தோணும், எட்டில ஒண்டு தள்ளி நிண்டா செயினோட பின் பல்லுச் செட்டும் தேஞ்சு போயிருக்கும். அடிமட்டத்தை எடுத்த உடனேயே சில கடைக்காரர் விலையைக் குறைக்கிறதும் நடக்கிறது, அனுபவத்தில சொல்றன்.

டயர்ட பக்கத்தில இருக்கிற சின்ன எழுத்தையும் வாசிங்க. 25-622 மாதிரி கடைசியில 622 எண்டு இருந்தா இப்பத்த 700 சைஸ். 630 எண்டு இருந்தா அது பழைய 27 அங்குலச் சில்லு, ரெண்டும் பாக்க ஒண்டு மாதிரி, ஆனா டயர் ஒண்டுக்கொண்டு ஏறாது, பசறையில டயர் வெடிச்சா அந்த 630க்கு எங்க போவீங்க?

ஃப்ரேமைப் பத்தி என்ட கதையே இருக்கு. டவுன்ல ஒரு கடையில நீலக் கலர் றேஸ் சைக்கிள் ஒண்டு வாங்கி, பொத்துவில், மொனராகலை எண்டு ஓடி வெல்லவாயவுக்குப் போய் அங்க இருந்து எல்ல எண்ட மலை ஊருக்கு ஏறினன், எல்ல 1,000 மீற்றருக்கு மேல. ஏறத் துடங்கின நேரம் இருந்து ஒவ்வொரு மிதிக்கும் அடியில "டிக்". பெடல் எண்டு நினைச்சன், சீற் எண்டு நினைச்சன். இராவணா நீர்வீழ்ச்சியில நிப்பாட்டி, குரங்கு பிஸ்கட்டைப் பறிச்சுக்கொண்டு போக, சைக்கிளைத் தலைகீழாப் போட்டுப் பாத்தா பெடல் அச்சுக்கு மேல ஒட்டியிருந்த பெரிய ஸ்டிக்கர்ட ஓரம் கிளம்பி நிக்குது. நகத்தால உரிச்சன். அரை வட்டத்துக்கு மயிர் போல வெடிப்பு. மரக்கறி லொறி ஒண்டில ஏத்தித்தான் வீட்டுக்கு வந்தது. கடைக்காரர் "அது நீங்க ஓடினதில வெடிச்சது" எண்டார், என்னட்ட பில்லும் இல்ல, வாயை மூடிக்கொண்டு வந்தன். அதனால தம்பி, ஸ்டிக்கர் இருந்தா உரிச்சுப் பாக்க விடோணும், விடாட்டி வேற கடை. பில் கேளுங்க. 2003ம் ஆண்டு 9ம் இலக்கப் பாவனையாளர் சட்டப்படி கேட்டா பில் தரத்தான் வேணும். பெடல் அச்சுக்கு அடியில அடிச்சிருக்கிற ஃப்ரேம் நம்பரையும் கியர் எத்தின பல்லு எண்டதையும் அதுல எழுதுவியுங்க. பிறகு பிரச்சின வந்தா பாவனையாளர் அலுவல்கள் அதிகாரசபைக்கு 1977 எண்ட நம்பருக்கு அடிக்கலாம், ஆனா முறைப்பாட்டை எழுத்தில, வாங்கி 3 மாதத்துக்குள்ள குடுங்க.

இறக்கத்துக்கு பிரேக் ரப்பர் நாலையும் புதுசாப் போடுங்க, அதில காசு பாக்காதீங்க. பிடிச்சபடியே இறங்கினா ரிம் சூடாகி டியூப் வெடிக்கும், வளைவுக்கு முன்னால இறுக்கிப் பிடிச்சு விட்டுரோணும். புல்லுமலை – மஹாஓயாப் பக்கம் விடியவும் பின்னேரமும் ஆனை, வெயில் வந்தாப் பிறகு போங்க.

கேள்வி (அல் ஐன்ல இருந்து, ஊர் அக்கரைப்பற்று): இஞ்ச வெள்ளைக்காரர் ஊருக்குப் போகக்க நல்ல சைக்கிளுகள மலிவா வித்திட்டுப் போறாங்க. ஒண்டை எடுத்து ஜபல் ஹபீத் மலையில ஓடிட்டு, லீவுல வரக்க ஊருக்குக் கொண்டு வரலாமா?

பதில்: வாங்கலாம் காக்கா, நல்ல இடத்திலதான் இருக்கிறீங்க. ஜபல் ஹபீத் ஏத்தம் 11 கிலோமீற்றர் அளவு, சராசரி 6.6 வீதம், அதாவது 100 மீற்றர் ஓடினா 6.6 மீற்றர் மேல. 2019ல துடங்கின யூஏஇ டூர் எண்ட சைக்கிள் ஓட்டப் போட்டியில பெரிய பெரிய ஓட்டக்காரர் மூச்சு வாங்கிறது அதிலதான். ராஸ் அல் கைமாவில ஜபல் ஜைஸ் இருக்கு, அது 20 கிலோமீற்றர், ஆனா ஏத்தம் கொஞ்சம் லேசு. பாலைவனத்தைப் பாக்க ஆசையெண்டா துபாய்ப் பக்கம் அல் குத்ராவில 80 கிலோமீற்றருக்கு மேல சைக்கிளுக்கெண்டே தனிப்பாதை, அங்க வாடகைக்கும் எடுக்கலாம். முதல்ல ரெண்டு தரம் வாடகைக்கு ஓடிப் பாருங்க, சைஸ் எது சரிவருது எண்டு அதிலயே விளங்கும்.

பாலைவனத்துச் சைக்கிள்ள ஃப்ரேம் பளபளப்பாத்தான் இருக்கும், மழை இல்லையே. றப்பர்தான் ஏமாத்தும். பல்கனியில ரெண்டு வருசம் வெயில்ல நிண்ட டயரை விரலால மடக்கிப் பாருங்க, பக்கத்தில பொடிப்பொடியா வெடிப்புத் தெரிஞ்சா சும்மா தந்தாலும் அந்த டயரோட மலையில இறங்காதீங்க. செயின்ல ஒட்டுற எண்ணெய் பூசினா மணல் பிடிச்சு அரத்தாள் மாதிரித் தேய்க்கும், காஞ்சு நிக்கிற மெழுகு எண்ணெய்தான் அங்க சரி. தண்ணிப் போத்தல் ரெண்டு, கோடையில வெளிக்கிடுறது சுபஹுக்குப் பிறகு உடனே, 9 மணிக்கு முதல் றூமுக்கு.

ஊருக்கெண்டா ஒரு விசயம் யோசிங்க. எண்ணெயால வேல செய்ற டிஸ்க் பிரேக் பழுதானா அக்கரைப்பற்றில எந்தச் சைக்கிள் கடையில காத்தெடுத்துத் திருத்துவீங்க? கம்பியால இழுக்கிற பிரேக் உள்ளதை எடுங்க. ப்ளைட்ல போடுறதுக்கு பழைய சைக்கிள் பெட்டி ஒண்டை கடையில கேட்டா சும்மாவே தருவாங்க. கழட்டக்க இடப்பக்கப் பெடல் மரை மாறி இருக்கும், மத்தப் பக்கம் மாதிரித் திருப்பினா இன்னும் இறுகும், நான் ஒருக்கா அப்படித் திருப்பி சாவியையே வளைச்சன். பின் கியர்க் கையைக் கழட்டி துணியில சுத்துங்க, பெட்டிக்குள்ள முதல்ல வளையிறது அதுதான். பாரக் கணக்கை டிக்கட் எடுக்கக்கயே கேளுங்க, எயார்போட்ல போய்ச் சண்டை பிடிச்சா சைக்கிள் விலையைத் தாண்டிரும்.

கேள்வி (கல்முனை, ஒரு ஆசிரியர்): றிட்டயர் ஆக முதல் ஒருக்கா லடாக்ல மணாலி – லே றோட்டில ஓடோணும். கார்பன் ஃப்ரேம் வாங்கினா லேசா இருக்குமா?

பதில்: சேர், அந்தக் காசை மிச்சம் பிடியுங்க. அது மலையும் பாலைவனமும் சேந்த இடம், 400 கிலோமீற்றருக்கு மேல, டங்லாங் லா எண்ட கணவாய் 5,300 மீற்றர். இடையில தார் இல்லாத கல்லு றோட்டும் தண்ணி பாயிற இடங்களும் வரும். இரும்பு ஃப்ரேம் எண்டா வழியில ஒரு வெல்டிங் காரராவது ஒட்டித் தருவார், கார்பன் வெடிச்சா லொறிதான். 35 மில்லிமீற்றருக்குக் குறையாத டயர், முன் பல்லும் பின் பல்லும் சரிக்குச் சரி, முடிஞ்சா பின்னுக்கு இன்னும் பெருசு.

ஆனா உண்மையான சிக்கல் சைக்கிள் இல்ல. 5,000 மீற்றர்ல காத்தழுத்தம் எங்கட கடற்கரையில இருக்கிறதில பாதிக்குக் கொஞ்சம் கூடத்தான், கல்முனையில பிறந்து வளந்த நெஞ்சுக்கு அது புதுசு. டொக்டரிட்டக் காட்டிட்டு, நாலஞ்சு நாள் கூடக் கையில வெச்சுக்கொண்டு, மணாலியில தங்கி மெதுவா ஏறுங்க. கார்பனுக்கு வெச்சிருந்த காசு அந்த நாலஞ்சு நாள் றூமுக்கும் சாப்பாட்டுக்கும் போகும்.