புது வீட்டுக்கு அட்வான்ஸ்: எவ்வளவு கட்டலாம், யார் கணக்கில் கட்டலாம்?

கேள்வி: சென்னை மேடவாக்கம் பக்கம் அஸ்திவார வேலை நடந்துகொண்டிருக்கும் ஓர் அடுக்குமாடிக் குடியிருப்பில், 72 லட்ச ரூபாய்க்கு ஒரு வீடு பார்த்திருக்கிறோம். விற்பனைப் பிரிவு ஊழியர் கொடுத்த எண்ணுக்குக் கூகுள் பே மூலம் 50,000 ரூபாய் டோக்கன் அட்வான்ஸ் அனுப்பியாயிற்று. அறிமுக விலை இந்த மாதக் கடைசி வரைதான் என்றும், அதற்குள் 20 சதவீதம் கட்டினால்தான் ஒப்பந்தம் போட முடியும் என்றும் இப்போது சொல்கிறார்கள். ரசீதின் அடியில் 'எக்காரணம் கொண்டும் திருப்பித் தரப்படாது' என்று அச்சிட்டிருக்கிறது. கட்டலாமா? வங்கிக் கடன் கிடைக்காமல் போனால் பணம் திரும்ப வருமா?
– வாசகி, சென்னை

பதில்: கட்டாதீர்கள். ரெரா என்று எல்லோரும் சொல்லும் 2016ஆம் ஆண்டு ரியல் எஸ்டேட் சட்டத்தின் 13ஆவது பிரிவு, விற்பனை ஒப்பந்தத்தை எழுதிப் பதிவு செய்வதற்கு முன் வீட்டின் விலையில் 10 சதவீதத்துக்கு மேல் எந்தப் பெயரிலும் முன்பணம் வாங்கக் கூடாது என்று பில்டரைத் தடுக்கிறது. உங்கள் வீட்டுக்கு அந்த வரம்பு 7 லட்சத்து 20 ஆயிரம் ரூபாய். அவர்கள் கேட்பது 14 லட்சத்து 40 ஆயிரம். முதலில் பணம், பிறகு ஒப்பந்தம் என்பது சட்டம் வகுத்த வரிசையையே தலைகீழாக்குவது. இதை ஒரு மின்னஞ்சலில் எழுதிக் கேளுங்கள். மாதக் கடைசிக் கெடு எத்தனை நாள் தள்ளிப்போகிறது என்பதை நீங்களே பார்ப்பீர்கள்.

அதற்கு முன் செய்ய வேண்டியது, தமிழ்நாடு ரியல் எஸ்டேட் ஒழுங்குமுறை ஆணையத்தின் இணையதளத்தில் இந்தத் திட்டத்தின் பதிவு எண்ணைத் தேடிப் பார்ப்பது. பதிவு செய்ய வேண்டிய ஒரு திட்டத்தை, பதிவு செய்யாமல் விளம்பரப்படுத்தவோ புக்கிங் வாங்கவோ கூடாது. 'விண்ணப்பித்திருக்கிறோம், எண் வந்துவிடும்' என்பது பதிவு ஆகாது. எண் வரும் வரை ஒரு ரூபாய்கூடக் கொடுக்க வேண்டியதில்லை. எண் இருந்தால், வேலையை முடித்துத் தருவதாக ஆணையத்திடம் அவர்கள் கொடுத்திருக்கும் தேதியையும், உங்களிடம் வாயால் சொன்ன தேதியையும் ஒப்பிட்டுப் பாருங்கள்.

அடுத்தது, பணம் போய்ச் சேரும் கணக்கு. வாங்குபவர்களிடம் பெறும் தொகையில் 70 சதவீதத்தை அந்தத் திட்டத்துக்கென்றே திறந்த தனி வங்கிக் கணக்கில் வைக்க வேண்டும். பொறியாளர், கட்டிடக் கலைஞர், பட்டயக் கணக்காளர் ஆகிய மூவரின் சான்றோடு, வேலை முடிந்த அளவுக்குத்தான் அதிலிருந்து எடுக்க முடியும். இதை உங்கள் பெயரில் இருக்கும் வைப்புத்தொகை போல நினைத்துவிடக் கூடாது: நிலத்துக்கும் கட்டுமானத்துக்கும் அந்தப் பணம் செலவாகிக்கொண்டேதான் இருக்கும், மீதி 30 சதவீதத்துக்கு இந்தக் கட்டுப்பாடும் கிடையாது. ஆனாலும் ஊழியரின் கைபேசி எண்ணுக்குப் போன பணத்துக்கு இந்த அரைகுறைப் பாதுகாப்பும் இல்லை. எனவே அந்த 50,000 ரூபாய்க்கு, வீட்டு எண்ணும் விலையும் குறிப்பிட்டு, நிறுவனத்தின் பெயரிலேயே ரசீது வாங்குங்கள். இனிமேல் கொடுப்பதை, திட்டக் கணக்கின் பெயருக்குக் கோடிட்ட காசோலையாகவோ வங்கிப் பரிமாற்றமாகவோ மட்டும் கொடுங்கள். அசையாச் சொத்துக்காக 20,000 ரூபாயோ அதற்கு மேலோ ரொக்கமாக வாங்குவதை வருமான வரிச் சட்டமும் தடுக்கிறது. விலை 50 லட்சத்தைத் தாண்டுவதால், ஒவ்வொரு தவணையிலும் ஒரு சதவீதத்தை வரியாகப் பிடித்து நீங்களே அரசுக்குக் கட்ட வேண்டும். தொல்லைதான், ஆனால் பில்டரின் பான் எண்ணுக்கு எதிரே உங்கள் பணம் பதிவாகிவிடும்.

'திருப்பித் தரப்படாது' என்ற வரி எல்லா நிலையிலும் செல்லுபடியாகிவிடாது. ஒப்பந்தத்தில் எழுதிய தேதியில் பில்டர் வீட்டைத் தராவிட்டால், 18ஆவது பிரிவின்படி நீங்கள் விலகிக்கொண்டு முழுத் தொகையையும் வட்டியோடு கேட்கலாம். அந்த உரிமை நிபந்தனையற்றது என்று உச்ச நீதிமன்றம் 2021 நவம்பரில் தீர்ப்பளித்திருக்கிறது. விலக விருப்பமில்லையென்றால், தாமதமாகும் ஒவ்வொரு மாதத்துக்கும் வட்டி உண்டு. ஆனால் பில்டரிடம் தவறு எதுவும் இல்லாமல் நீங்களாக விலகினால் நிலைமை வேறு. அப்போது முன்பதிவுத் தொகையை அவர் பிடித்துக்கொள்ளலாம் என்ற விதி இத்தகைய ஒப்பந்தங்களில் வழக்கமாக இருக்கும். ஆகவே 'முன்பதிவுத் தொகை' என்று எந்தத் தொகையைக் குறித்திருக்கிறார்கள் என்பதைப் பாருங்கள். அது சிறியதாக இருப்பதுதான் உங்களுக்கு நல்லது. கடன் கிடைக்காமல் போவதும் நீங்களாக விலகுவதாகவே கணக்கில் வரும். வங்கி கடன் மறுத்தால் கட்டியது முழுவதும் இத்தனை நாளுக்குள் திரும்ப வரும் என்ற ஒரு வரியை, அடுத்த தொகை கட்டுமுன்பே எழுதி வாங்கிவிடுங்கள். எழுதித் தர மறுத்தால், 50,000 ரூபாயோடு நிறுத்திக்கொள்வதே என் யோசனை.

கேள்வி: தாம்பரம் அருகே ஒரு கிரவுண்டு மனையில் நான்கே வீடுகள் கொண்ட புதுக் கட்டிடம், பூச்சு வேலை நடக்கிறது. ரெரா தேவையில்லை என்று கூறி, பில்டர் 5 லட்சம் அட்வான்ஸ் கேட்கிறார். நம்பலாமா?
– வாசகர், தாம்பரம்

பதில்: அவர் சொல்வது உண்மைதான். 500 சதுர மீட்டருக்கு மிகாத மனையில் எட்டுக்கு மிகாத வீடுகள் என்றால் பதிவு கட்டாயமில்லை. ஒரு கிரவுண்டு என்பது 2,400 சதுர அடி, அதாவது ஏறத்தாழ 223 சதுர மீட்டர். எனவே காவல் முழுவதும் உங்கள் பத்திரத்தில்தான் இருக்கிறது. கிரய ஒப்பந்தத்தை வெறும் முத்திரைத் தாளில் எழுதிக் கையெழுத்து வாங்குவதோடு விடாமல், சார்பதிவாளர் அலுவலகத்தில் பதிவு செய்யுங்கள். பதிவான ஒப்பந்தம் வில்லங்கச் சான்றில் தெரியும். அதே வீட்டை இன்னொருவருக்குச் சத்தமில்லாமல் விற்பது கடினமாகிவிடும். நிலம் வேறொருவருடையதாக இருந்து, பில்டர் பவர் பத்திரத்தை வைத்துக்கொண்டு விற்கிறார் என்றால், அந்தப் பவர் பதிவானதா, விற்கும் அதிகாரம் அதில் உண்டா, நில உரிமையாளர்கள் அனைவரும் கையெழுத்திட்டிருக்கிறார்களா என்று வழக்கறிஞரிடம் மூலப்பத்திரத்தோடு காட்டிப் பார்த்த பிறகே 5 லட்சத்தைக் கொடுங்கள். மனையின் மேல் வங்கிக் கடன் இருந்தால், உங்கள் வீட்டுக்கான தடையில்லாச் சான்று ஒப்பந்தத்துக்கு முன்பே கைக்கு வர வேண்டும்.

தகராறு என்று வந்தால் மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில், பிரச்சினை எழுந்த நாளிலிருந்து இரண்டு ஆண்டுகளுக்குள் புகார் கொடுக்கலாம். வழக்கறிஞர் இல்லாமல் நீங்களே வாதாடவும் இடமுண்டு.