வெளிநாட்டில் நடந்த போர்க்குற்றத்தை இன்னொரு நாட்டு நீதிமன்றம் விசாரிக்க முடியுமா?

கேள்வி: ஒரு நாட்டில் நடந்த போர்க்குற்றத்தையோ இனப்படுகொலையையோ, அதற்குச் சம்பந்தமே இல்லாத இன்னொரு நாட்டு நீதிமன்றம் எப்படி விசாரிக்கிறது? இதில் உண்மையாகவே யாராவது சிறைக்குப் போயிருக்கிறார்களா?

போயிருக்கிறார்கள். ஆயுள் தண்டனை பெற்றவர்களே இருக்கிறார்கள். ஆனால் சட்டம் இருந்ததால் மட்டும் அது நடக்கவில்லை. செய்தவரும் அனுபவித்தவரும் ஒரே நாட்டுக்கு வந்து சேர்ந்ததால்தான் பல வழக்குகள் நடந்தன.

முதலிலேயே சொல்லிவிடுகிறேன், நான் சட்டத்தரணி இல்லை. ஜேர்மனியில் தஞ்சக் கோரிக்கை விசாரணைகளில் தமிழுக்கும் ஜேர்மனுக்கும் நடுவில் இருந்து மொழிபெயர்க்கிறவன். அங்கே கேட்டதை வெளியில் சொல்லக் கூடாது. அதனால் கீழே வருவதெல்லாம் பகிரங்க நீதிமன்றத்தில் நடந்த வழக்குகள்.

சட்டத்தைச் சுருக்கமாகப் பார்ப்போம். வழக்கமாக ஒரு நாடு மூன்று காரணங்களில் ஒன்றைச் சொல்லித்தான் ஒருவர் மீது கை வைக்கும். குற்றம் என் மண்ணில் நடந்தது, செய்தவர் என் குடிமகன், பாதிக்கப்பட்டவர் என் குடிமகன். இந்த மூன்றும் இல்லாமல், குற்றம் அவ்வளவு கொடியது என்பதற்காகவே விசாரிப்பதுதான் உலகளாவிய நியாயாதிக்கம். 1949 ஜெனீவா உடன்படிக்கைகள் இன்னும் ஒரு படி மேலே போகின்றன. பாரதூரமான மீறல்களைச் செய்தவரைத் தேடிப் பிடித்து விசாரி, இல்லாவிட்டால் விசாரிக்கத் தயாராக இருக்கிற நாட்டிடம் கொடு என்று கடமையாகவே சொல்கின்றன. ஆனால் அந்தக் கடமை நாடுகளுக்கிடையிலான போருக்கு மட்டும்தான். உள்நாட்டுப் போர் அதற்குள் வராது.

வேடிக்கை என்னவென்றால், 1948 இனப்படுகொலை உடன்படிக்கையில் இந்த உலகளாவிய அதிகாரம் எழுதப்படவே இல்லை. குற்றம் நடந்த நாட்டின் நீதிமன்றம் அல்லது ஒரு சர்வதேச நீதிமன்றம் என்றுதான் அதன் 6ஆம் உறுப்புரை சொல்கிறது. பொஸ்னியாவில் இனப்படுகொலை செய்ததாக நிக்கோலா யோர்கிச் என்பவரை டுசெல்டோர்ஃப் நீதிமன்றம் 1997இல் தண்டித்தபோது, அவர் இதையேதான் பிடித்துக்கொண்டார். ‘உனக்கு என்ன அதிகாரம்’ என்று ஐரோப்பிய மனித உரிமை நீதிமன்றம் வரை போனார். 2007இல் தோற்றார். உடன்படிக்கை மற்ற நாடுகளைத் தடுக்கவில்லை என்று ஜேர்மன் நீதிமன்றங்கள் விளங்கிக்கொண்டது நியாயமானதே என்று சொல்லிவிட்டார்கள்.

2002 யூன் 30இல் ஜேர்மனியில் சர்வதேசக் குற்றங்களுக்கென்று தனிச் சட்டம் ஒன்று நடைமுறைக்கு வந்தது. குற்றம் வெளிநாட்டில் நடந்து, ஜேர்மனிக்கும் அதற்கும் ஒரு தொடர்பும் இல்லாவிட்டாலும் இந்தச் சட்டம் பொருந்தும் என்று முதல் பிரிவே சொல்கிறது. ஆனால் சந்தேக நபர் நாட்டில் இல்லை, வருவார் என்ற எதிர்பார்ப்பும் இல்லை என்றால் வழக்குத்தொடுநர் கோப்பை மூடிவிடலாம் என்று குற்றவியல் நடைமுறைச் சட்டத்தில் இன்னொரு பிரிவும் உண்டு. நடைமுறையில் பெரும்பாலும் எல்லாமே இந்த இரண்டாவது பிரிவில்தான் தொங்குகிறது. ஆள் கைக்கெட்ட வேண்டும்.

இனி ஜேர்மனியின் கோப்லென்ஸ் நகரில் நடந்த வழக்குக்கு வருகிறேன். எனக்கு இதைப் பற்றித்தான் எழுத ஆசை.

அன்வர் அல்-புன்னி சிரியாவின் மனித உரிமைச் சட்டத்தரணி. 2006இல் டமாஸ்கஸில் கைதாகி ஐந்து வருடம் சிறையில் இருந்தவர். 2014இல் தஞ்சம் கேட்டு பேர்லின் வந்தார். மரியன்ஃபெல்ட என்ற இடத்தில் இருக்கும் அகதி முகாமில் ஒருவரைப் பார்க்கிறார். முகம் தெரிந்த முகம், ஆனால் யாரென்று நினைவு வரவில்லை. பிறகுதான் தெரிகிறது அது அன்வர் ரஸ்லான் என்று. சிரிய உளவுத்துறையில் கேணல். டமாஸ்கஸின் அல்-காதிப் பகுதியில் இருந்த 251ஆம் பிரிவில் விசாரணைக்குப் பொறுப்பாக இருந்தவர். 2006இல் தன்னைக் கைது செய்தவர் இவர்தான் என்கிறார் அல்-புன்னி. இரண்டு பேரும் ஒரே முகாமில் அகதிகள்!

ரஸ்லான் மறைந்து வாழவில்லை. 2012 கடைசியில் அரசை விட்டு வெளியேறி, எதிரணியோடு சேர்ந்து, விசாவோடு ஜேர்மனிக்கு வந்தவர். 2015இல் தானாகவே பேர்லின் பொலிசுக்குப் போனார். சிரிய உளவாளிகள் என்னைப் பின்தொடர்கிறார்கள், பாதுகாப்பு வேண்டும் என்றார். நான் யார், என்ன பதவியில் இருந்தேன் என்பதையும் சேர்த்துச் சொன்னார். 2017இல் வேறொரு வழக்கில் சாட்சியாக விசாரித்தபோது அந்தப் பிரிவில் எப்படி விசாரணை நடக்கும் என்றும் விவரித்தார். 2019 பெப்ரவரியில் கைது. அவரோடு ஒரே வழக்கில் நின்ற எயாத் அல்-காரிபும் இப்படித்தான். ஆர்ப்பாட்டக்காரர்களைப் பிடித்துப் பேருந்தில் 251ஆம் பிரிவுக்குக் கொண்டுபோனதைத் தன் தஞ்சக் கோரிக்கை விசாரணையில் தானே சொன்னார்.

அந்த மேசையில் உட்காருகிறவன் என்ற முறையில் இந்த இடம் எனக்கு நன்றாக விளங்குகிறது. தஞ்சம் கேட்கிறவருக்கு இரண்டு பயம். குறைவாகச் சொன்னால் நம்பமாட்டார்கள். கூடச் சொன்னால் எங்கே போய் முடியும் என்று தெரியாது. கேட்கிற அதிகாரி தட்டச்சு செய்கிறார். அந்தத் தாள் அகதி அலுவலகத்திலேயே கிடக்கும் என்றுதான் எல்லோரும் நினைக்கிறார்கள். போர்க்குற்றம் பற்றிய தகவல் இருந்தால் அது சமஷ்டிக் குற்றப் பொலிசின் தனிப் பிரிவுக்குப் போகும். அங்கிருந்து கார்ல்ஸ்ரூவவில் இருக்கும் சமஷ்டி வழக்குத்தொடுநரிடம் போகும்.

வழக்கு 2020 ஏப்ரல் 23இல் தொடங்கியது. காரிபுக்கு 2021 பெப்ரவரியில் நாலரை வருடம். ரஸ்லானுக்கு 2022 சனவரி 13இல் ஆயுள் தண்டனை. மானுடத்துக்கு எதிரான குற்றம், அதில் 27 கொலைகள். குறைந்தது 4,000 பேர் சித்திரவதை செய்யப்பட்டதும் அதற்குள் வருகிறது. அவர் தன் கையால் அடித்தார் என்று யாரும் நிறுவத் தேவைப்படவில்லை. அந்தக் கட்டடத்தில் என்ன நடக்கிறது என்று தெரிந்துகொண்டே அந்தப் பொறுப்பில் இருந்தார், அது போதும். ‘சீசர்’ என்ற புனைபெயரில் தெரிந்த சிரிய இராணுவப் புகைப்படக்காரர் 2013இல் வெளியே கொண்டுவந்த படங்கள், இலக்கம் எழுதிய உடல்கள், இதே வழக்கில்தான் ஒரு தடயவியல் மருத்துவரால் நீதிமன்றத்தில் விளக்கப்பட்டன.

என் தொழில் சார்ந்த ஒரு குறையையும் சொல்லிவிடுகிறேன். சிரியாவைப் பற்றிய அந்த வழக்கு ஜேர்மன் மொழியில் நடந்தது. எதிரிகளுக்கும், அதாவது குற்றம் சாட்டப்பட்டவர்களுக்கும், வழக்கில் தரப்பாகச் சேர்ந்தவர்களுக்கும் அரபு மொழிபெயர்ப்பு காதுக்குப் போனது. பார்வையாளர் பகுதியில் இருந்த சிரியர்களுக்கு இல்லை. தங்கள் வீட்டுச் சாவைப் பற்றிப் பேசுவதை விளங்காமல் கேட்டுக்கொண்டு இருந்தார்கள். 2020 ஆகஸ்டில் அரசியலமைப்பு நீதிமன்றம் தலையிட்டது. பதிவு பெற்ற அரபு மொழிப் பத்திரிகையாளர்களுக்காவது வழி செய் என்று இடைக்கால உத்தரவு போட்டது. அவ்வளவுதான் கிடைத்தது. வழக்கு யாருக்காக நடக்கிறது என்று யோசிக்காமல் நடத்தினால் இப்படித்தான் இருக்கும்.

தொடர்பே இல்லாத வழக்கு என்றால் பிராங்க்ஃபர்ட் வழக்கைச் சொல்லலாம். குற்றவாளி ஈராக்கியர், ஐஎஸ் இயக்கத்தவர். இடம் ஈராக்கின் ஃபலூஜா. இறந்தது ஐந்து வயது யஸீதிச் சிறுமி. யஸீதிகள் ஈராக்கில் ஒரு சிறுபான்மை இனம். தாயோடு அடிமையாக வாங்கி வைத்திருந்த அந்தக் குழந்தையை 2015இல் கொளுத்தும் வெயிலில் யன்னல் கம்பியில் கட்டிப் போட்டார்கள். அவர் ஜேர்மனியில் வாழ்ந்தவரும் இல்லை. கிரேக்கத்தில் பிடித்து இங்கே கொண்டுவந்தார்கள். 2021 நவம்பர் 30இல் இனப்படுகொலைக் குற்றத்துக்காக ஆயுள் தண்டனை. யஸீதிகளுக்கு எதிராக நடந்ததை இனப்படுகொலை என்று ஒரு ஐஎஸ் உறுப்பினர் மீது உலகில் முதலில் தீர்ப்பளித்த நீதிமன்றம் அதுதான். ஒரே ஒரு குழந்தையின் சாவில் இனப்படுகொலை எப்படி என்று கேட்பீர்கள். இனப்படுகொலை எண்ணிக்கையைப் பற்றியது இல்லை. ஓர் இனத்தை அழிக்கும் நோக்கத்தோடு செய்தாரா என்பதைப் பற்றியது. உயிர் தப்பிய தாய் சாட்சி சொன்னார்.

லண்டன் கதை இன்னும் விசித்திரம். ஃபர்யாதி சர்தாத் ஆப்கானிஸ்தானில் ஒரு வீதித் தடையை வைத்துக்கொண்டு ஆட்களைக் கடத்தியும் சித்திரவதை செய்தும் வந்த ஆயுதக் குழுத் தலைவர். பிறகு தெற்கு லண்டனில் பீட்சாக் கடை நடத்தினார். முதல் வழக்கில் யூரிகள் முடிவுக்கு வரவில்லை. இரண்டாவது வழக்கில், 2005இல், 20 வருடம் கிடைத்தது. சாட்சிகள் காபூலில் இருந்து காணொளியில் பேசினார்கள்.

சரி, இவ்வளவு நல்ல சட்டம் என்றால் பெரிய தலைகள் ஏன் மாட்டுவதில்லை? பதவியில் இருக்கிற வெளிவிவகார அமைச்சர் மீது இன்னொரு நாட்டு நீதிமன்றம் பிடியாணை போடக் கூடாது என்று 2002இல் சர்வதேச நீதிமன்றம் கொங்கோ தொடுத்த வழக்கில் பெல்ஜியத்துக்குச் சொல்லிவிட்டது. சிரியாவின் அசாத் மீது பிரான்சில் 2023இல் போட்ட பிடியாணையும் 2025 யூலையில் இதே காரணத்தால் ரத்தானது, அப்போது அவர் சனாதிபதி என்று. இப்போது பதவி போய்விட்டதால் புதிதாகப் போடலாம் என்ற வழியையும் அதே நீதிமன்றம் காட்டியது. பெல்ஜியத்தின் கதை இன்னும் பாவம். யார் மீதும் யாரும் முறைப்பாடு செய்யலாம் என்று கதவை அகலத் திறந்து வைத்திருந்தார்கள். ருவாண்டா இனப்படுகொலைக்காக நாலு பேரை, அதில் இரண்டு கன்னியாஸ்திரிகள், 2001இல் தண்டித்தபோது எல்லோரும் கை தட்டினார்கள். அடுத்து இஸ்ரேலியப் பிரதமர் ஷரோன் மீதும் அமெரிக்கத் தலைவர்கள் மீதும் முறைப்பாடுகள் வந்தன. புதிய நேட்டோ தலைமையகத்துக்குக் காசு தரமாட்டோம் என்றார் அமெரிக்கப் பாதுகாப்பு அமைச்சர் ரம்ஸ்ஃபெல்ட். 2003 ஆகஸ்டில் அந்தச் சட்டத்தையே எடுத்துவிட்டார்கள். 1988இல் ஈரானியச் சிறைகளில் நடந்த கொலைகளுக்காக சுவீடனில் 2022இல் ஆயுள் தண்டனை பெற்ற ஈரானியர் ஹமீத் நூரி 2024இல் கைதிப் பரிமாற்றத்தில் வீடு போய்ச் சேர்ந்துவிட்டார்.

எங்கள் ஆட்கள் என்னிடம் கேட்பது வேறு கேள்வி. எங்களுக்கும் இது சரிவருமா? இதுவரை நடந்ததைச் சொல்கிறேன். இலங்கையின் முன்னாள் இராணுவத் தளபதி ஜகத் ஜயசூரிய பிரேசிலில் தூதுவராக இருந்தபோது, 2017 ஆகஸ்டில் பிரேசிலிலும் கொலம்பியாவிலும் அவர் மீது போர்க்குற்ற முறைப்பாடுகள் கொடுக்கப்பட்டன. அவர் அதற்குள் பிரேசிலை விட்டுப் புறப்பட்டிருந்தார். குற்றச்சாட்டுகளை மறுத்தார். 2000இல் யாழ்ப்பாணத்தில் கொல்லப்பட்ட பத்திரிகையாளர் நிமலராஜன் வழக்கில் பிரித்தானியப் பொலிஸ் 2022 பெப்ரவரியில் ஒருவரைக் கைது செய்து, விசாரணை தொடரும் என்று விடுவித்தது. அங்கேயும் காரணம் அதேதான். சந்தேக நபர் இங்கிலாந்தில் வசித்தார்.

இந்தியாவைப் பற்றி யாராவது கேட்பார்கள். 1960ஆம் ஆண்டு ஜெனீவா உடன்படிக்கைகள் சட்டத்தின் 3ஆம் பிரிவு, இந்தியாவுக்கு உள்ளேயோ வெளியேயோ யார் செய்தாலும் பாரதூரமான மீறல்களைத் தண்டிக்கலாம் என்கிறது. 17ஆம் பிரிவு, அரசாங்கம் முறைப்பாடு செய்தால்தான் நீதிமன்றம் கையில் எடுக்கலாம் என்கிறது. கதவும் பூட்டும் ஒரே சட்டத்தில். இனப்படுகொலைக்குத் தனிச் சட்டம் இல்லை என்பதை 1984 சீக்கியர் படுகொலை தொடர்பான சஜ்ஜன் குமார் வழக்கில் 2018இல் டெல்லி உயர் நீதிமன்றமே குறிப்பிட்டது.

சாட்சி சொல்லும் எண்ணம் யாருக்காவது இருந்தால் என் அனுபவத்தில் இருந்து ஒன்று. நீதிமன்றத்தில் எதிரியின் சட்டத்தரணி முதலில் எடுப்பது உங்கள் பழைய தஞ்சக் கோரிக்கைக் கோப்பைத்தான். அன்று ஆறு பேர் என்றீர்கள், இன்று எட்டுப் பேர் என்கிறீர்கள் என்று தொடங்குவார். அந்தக் கோப்பில் இருப்பது உங்கள் சொல் இல்லை, உங்களுக்காக மொழிபெயர்த்தவரின் சொல். ‘மாமா’ என்று நீங்கள் சொன்னது தாயின் சகோதரன், மாமனார், பக்கத்து வீட்டுக்காரர் என்று எதுவாகவும் அதில் விழுந்திருக்கும். சட்டத்தரணி மூலம் அதன் பிரதியை எடுத்து, மொழி தெரிந்த பிள்ளைகளை வைத்து வாசித்துப் பாருங்கள். நான் இப்படிச் சொல்லவில்லையே என்று படுகிற இடத்தில் திகதி போட்டுக் குறித்து வையுங்கள். அன்று மொழிபெயர்த்தவர் நானாகவும் இருக்கலாம், கோபிக்க மாட்டேன்.