மண்ணையும் புல்லையும் தொடவே மறுக்கும் ஒன்றேமுக்கால் வயதுக் குழந்தையை எப்படிப் பழக்குவது?

பூங்காவில் இறக்கிவிட்டால் மகள் காலை மடக்கிக்கொண்டு அழுகிறாள், மண்ணில் கையே வைப்பதில்லை, நீங்கள் இருப்பதோ மூன்றாவது மாடி, ஆன்லைனில் விற்கும் புலன் விளையாட்டுப் பெட்டி வாங்கலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். பெட்டி வேண்டாம். மரத்தடியில் விழுந்து கிடப்பதும் உங்கள் அடுப்படியில் மிஞ்சுவதுமே தாராளமாகப் போதும். அவசரப்படுத்தாமல் இருப்பதுதான் இதில் கடினமான பகுதி.

என் மகனும் அந்த வயதில் அப்படித்தான் இருந்தான். புல்லில் விட்டால் இரண்டு காலையும் தூக்கிக்கொண்டு என் இடுப்பில் ஒட்டிக்கொள்வான். பழகட்டும் என்று ஒருநாள் அவன் கையைப் பிடித்து ஈரமண்ணில் வைத்துவிட்டேன். அது தவறு. அதன்பிறகு இரண்டு வாரம் அவன் அந்த மண் பக்கமே வரவில்லை. உள்ளங்கையும் உள்ளங்காலும் தொடுவுணர்ச்சி மிகுந்த இடங்கள். புல்நுனி ஒவ்வொன்றும் ஒவ்வொரு பக்கம் குத்தும். நமக்குக் கூச்சமாகத் தெரிவது சில பிள்ளைகளுக்குப் பயமாகவே இருக்கும். தயவுசெய்து அதைப் பிடிவாதம் என்று நினைக்காதீர்கள்.

அவன் மாறியது ஒரு பங்குனிக் கடைசியில். திருச்சியில் என் அம்மா வீட்டுக்கு எதிரே ஒரு புங்கமரம் உண்டு. காலையில் பார்த்தால் தெருவில் பொரி கொட்டின மாதிரி பூ விழுந்து கிடக்கும். நான் அவனைக் கூப்பிடவில்லை. வாசற்படியில் உட்கார்ந்து நானே பூவை அள்ளி ஒரு கொட்டாங்குச்சியில் போட்டேன், கவிழ்த்தேன், மறுபடி அள்ளினேன். அவன் என் முதுகுக்குப் பின்னால் நின்று பார்த்துக்கொண்டிருந்தான். மறுநாள் உள்ளே போய் ஒரு கரண்டியை எடுத்துவந்து, தூர நின்றபடியே பூவைத் தள்ளினான். மூன்றாம் நாள் சுட்டுவிரல் நுனியால் ஒரே ஒரு பூவைத் தொட்டுவிட்டு விரலைத் திருப்பித் திருப்பிப் பார்த்தான். ஒன்றும் ஒட்டவில்லை. அதை எனக்கும் காட்டினான். அந்த வாரக் கடைசிக்குள் இரண்டு கையாலும் அள்ளி என் மடியில் கொட்ட ஆரம்பித்துவிட்டான். "அவனை விடு, அவனா வருவான்" என்று அம்மா முதலிலிருந்தே சொல்லிக்கொண்டிருந்தார்.

அதற்குப் பிறகு நான் கடைப்பிடித்த வரிசை இது: காய்ந்தது முதலில், ஈரம் பிறகு. கரண்டியோ குச்சியோ முதலில், கை பிறகு. கால் எல்லாவற்றுக்கும் கடைசி. ஒரு வேளைக்கு இரண்டு பொருளுக்கு மேல் வைக்க வேண்டாம். குழந்தைகள் தொட்டுப் பார்த்துக் கற்கும் முறையை வகுத்த இத்தாலியக் கல்வியாளர் மாண்டிசோரி அம்மையார் 1939இல் சென்னை அடையாறுக்கு வந்து நம் ஆசிரியர்களுக்குப் பயிற்சி கொடுத்தார். அவருடைய முறையில் தொடுவுணர்வுக்கான பலகை சொரசொரப்பு, வழவழப்பு என்ற இரண்டிலிருந்துதான் தொடங்கும். வீட்டில் அதற்கு வெளியே நாரோடு இருக்கும் ஒரு கொட்டாங்குச்சியும், நன்றாகத் தேய்த்து வழவழப்பாக்கிய இன்னொன்றும் போதும்.

மாடி வீடு ஒரு தடையே இல்லை. வாழைப்பூ ஆய்கிற அன்றைக்கு அவளைப் பக்கத்தில் உட்கார வையுங்கள். மடல் ஒவ்வொன்றாகக் கழன்று வரும், வெளிப்பக்கம் மங்கலாக, உட்பக்கம் பளபளவென்று. உள்ளே சீப்பு மாதிரி பூ வரிசை. என் மகன் ஒரு மடலில் தண்ணீர் ஊற்றி அரைமணி நேரம் விளையாடியிருக்கிறான். கறை போகாது, பழைய சட்டை போட்டுவிடுங்கள். கற்பூரவல்லி இலையைத் தடவினால் மெத்தென்று இருக்கும், கசக்கினால் வாசம். காய்ந்த பீர்க்கங்கூடு, தண்ணீரில் ஊறின வெட்டிவேர், காய்ந்த வாகைநெற்று என்று எவ்வளவோ இருக்கிறது. நெற்றை ஆட்டினால் கலகலவென்று சத்தம் வரும், ஆனால் உடைந்துவிட்டால் உடனே வாங்கிவிடுங்கள், விதை வாய்க்குப் போகும்.

மணலுக்கு ஒரு தாம்பாளம் போதும். கட்டட வேலைக்கு வரும் எம்சாண்ட் வேண்டாம். அது கல்லை உடைத்து அரைப்பது, குத்தும், தூசியும் பறக்கும். ஆற்றுமணல் கொஞ்சம் கிடைத்தால் நாலைந்து முறை அலசி வெயிலில் காயவையுங்கள். காய்ந்த மணலில் அவளே சொம்பால் சொட்டுச் சொட்டாகத் தண்ணீர் விடட்டும். விழுந்த இடம் கறுத்து, சின்னக் குழியாகும். அந்தக் குழியில் விரல் விட்டுப் பார்க்கிற ஆசைதான் என் மகனை ஈரத்துக்குக் கொண்டுவந்தது. அந்த நேரத்தில் "இது என்ன கலர், இது எத்தனை?" என்று கேட்காதீர்கள். சும்மா பக்கத்தில் இருங்கள். பத்து நிமிடம் போதும், எழுந்து போனால் போகட்டும்.

ஆனால் கண் மட்டும் அவள் மேலேயே இருக்க வேண்டும். இந்த வயதில் எல்லாம் வாய்க்குத்தான் போகும். நாலு சென்டிமீட்டருக்குக் குறைந்த எதையும் தராதீர்கள். புளியங்கொட்டை, மஞ்சாடி, கூழாங்கல் எதுவும் வேண்டாம். மூக்கிலும் போட்டுக்கொள்வார்கள். குன்றிமணி, ஆமணக்கு விதை, அரளி, ஊமத்தை எல்லாம் விஷம். எருக்கம்பால் கண்ணில் பட்டால் கண்ணே கெடும். ஃபிளாட்டுகளில் அழகுக்கு வைக்கும் டிஃபன்பேக்கியா இலையைக் கடித்தால் வாயும் நாக்கும் வீங்கும், அந்தத் தொட்டியை அவளுக்கு எட்டாத இடத்துக்கு மாற்றிவிடுங்கள். விளையாடி முடித்ததும் தண்ணீரைக் கீழே கொட்டிவிடுங்கள், வாளியில் நாலு விரல்கடைத் தண்ணீர் இருந்தாலே சின்னக் குழந்தைக்கு ஆபத்து. பூனை, நாய் அசுத்தம் செய்யும் மண் வேண்டாம். கையைச் சோப்புப் போட்டுக் கழுவுவதோடு, குடற்புழு மாத்திரையையும் தவறவிடாதீர்கள். ஒரு வயது முடிந்த பிள்ளைகளுக்கு அங்கன்வாடியிலேயே தருகிறார்கள்.

இன்னொன்றும் கவனியுங்கள். மண், புல் மட்டும்தான் பிடிக்கவில்லை என்றால் பெரும்பாலும் பொறுமை போதும். ஆனால் குளிக்கும்போது, தலை வாரும்போது, புதுத்துணி போடும்போது எல்லாம் இதே அழுகை, சாப்பாட்டிலும் கெட்டியானது எதையும் ஏற்கவில்லை, பெயர் சொல்லிக் கூப்பிட்டால் திரும்புவதில்லை, பேச்சு இன்னும் வரவில்லை என்று சேர்ந்து இருந்தால் குழந்தை மருத்துவரைப் பாருங்கள். நாங்களும் பார்த்தோம். மேலே சொன்னவற்றை ஒவ்வொன்றாகக் கேட்டுவிட்டு, இவனுக்குச் சிகிச்சை எதுவும் தேவையில்லை என்றார். தேவைப்படும் பிள்ளைகளுக்காக அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளில் தனிப் பிரிவே உண்டு, டிஇஐசி (குழந்தைகளின் வளர்ச்சிக் குறைகளை ஆரம்பத்திலேயே கவனிக்கும் மாவட்ட மையம்) எங்கே என்று கேட்டால் வழி காட்டுவார்கள். கட்டணம் கிடையாது.