சிறுவர்கள் புகைப்பதைத் தடுக்கும் சட்டங்களுக்கு அரசு எப்படி விளம்பரம் செய்ய வேண்டும்?

18 வயதுக்குக் கீழே இருப்பவர்களுக்கு சிகரெட் விற்கக்கூடாது என்ற சட்டத்தை மக்களிடம் கொண்டுபோக, விளம்பர வேலையை எங்கே தொடங்குவது என்று கேட்டிருக்கிறீர்கள். கடைக்காரரிடம் தொடங்குங்கள். சட்டத்தைத் தினமும் காப்பதோ மீறுவதோ அவர் கையில்தான் இருக்கிறது.

இப்படியொரு பிரச்சாரத்தில் சில மாதங்கள் வேலை பார்த்தேன். கருகிப்போன நுரையீரல் படத்தைக் கடை கடையாக ஒட்டினோம். கல்லாவில் இருந்த ஒரு அம்மா அதைப் பார்த்துவிட்டுக் கேட்டார்: "தெரிஞ்ச வீட்டுப் பையன் வந்து அப்பாவுக்குன்னு கேக்குறான். அவன்கிட்ட நான் என்னன்னு சொல்லி மறுக்கிறது?" எங்களிடம் பதில் இல்லை. மறுபடி உட்கார்ந்து, கிழிக்கிற காலண்டர் போல ஒரு அட்டை செய்தோம். "இந்தத் தேதிக்குப் பிறகு பிறந்தவர்களுக்கு விற்பதில்லை. யாருக்காகக் கேட்டாலும் சட்டம் இதுதான்." அன்றைய தேதிக்குச் சரியாக 18 வருடம் முந்தைய நாள், பெரிய எழுத்தில். பையனின் வயதை அவர் கணக்குப் போட வேண்டாம், முகம் முறிக்கவும் வேண்டாம். அட்டையைக் காட்டினால் போதும். வாங்கிவரச் சொல்லிப் பிள்ளையை அனுப்பும் அப்பாவுக்கும் அதே அட்டைதான் பதில்.

பிள்ளைகளிடம் பேசுவது வேறு வேலை. முப்பது வருடம் கழித்து வரும் புற்றுநோய் 15 வயதுக்கு உறைக்காது. "இது பெரியவர்களுக்கானது" என்று சொன்னாலோ, ஆசையை நாமே தூண்டிவிடுகிறோம். 1998இல் அமெரிக்காவின் ஃபுளோரிடா மாநிலம் வேறு வழியில் போனது. இளையோரையே திட்டமிட வைத்து, புகையிலை நிறுவனங்கள் அவர்களை எப்படிக் குறிவைக்கின்றன என்பதை 'ட்ரூத்' என்ற பெயரில் போட்டு உடைத்தார்கள். இரண்டே வருடத்தில், நடுநிலைப் பள்ளி மாணவர்களில் புகைப்போர் 18.5 சதவீதத்திலிருந்து 11.1 சதவீதமாகக் குறைந்தார்கள். கோபம் அந்த வயதுக்கு இயல்பு; அதைச் சரியான ஆள் மேல் திருப்பினார்கள். அதே 1998இல் ஃபிலிப் மோரிஸ் நிறுவனமும் 'யோசி, புகைக்காதே' என்று இளையோருக்கு விளம்பரம் செய்தது. அதைப் பார்த்தவர்களிடம் புகைக்கும் எண்ணம் அதிகமாகவே ஆனது என்று பின்னால் வந்த ஆய்வு சொன்னது. அதனால் அந்தத் தொழிலிலிருந்து பணமோ யோசனையோ வந்தால் வாங்காதீர்கள்.

அப்புறம், ஏற்கெனவே புகைக்கிற பிள்ளையைக் குற்றவாளியாகக் காட்டும் ஒரு வரிகூட வேண்டாம். என் அண்ணன் பத்தாம் வகுப்பில் தொடங்கினார். பயந்து ஒளிந்து புகைத்தாரே தவிர, யாரிடமும் உதவி கேட்கவில்லை. இன்றுவரை விட முடியவில்லை. ஒவ்வொரு விளம்பரத்திலும் விடுவதற்கான உதவி எண் கண்ணில் படும்படி இருக்கட்டும்.

கடைகளில் அதிகாரிகள் சோதனை தொடங்கும் நாளும் விளம்பரம் வரும் நாளும் ஒன்றுக்கொன்று தள்ளி இருக்கக் கூடாது. சுவரொட்டி வந்து மூன்று மாதம் ஆகியும் எந்தக் கடைக்கும் யாரும் சோதனைக்கு வரவில்லை என்றால், அது பிள்ளைகளுக்குத்தான் முதலில் தெரியும்.

முதல் கூட்டத்துக்கு நான்கு கடைக்காரர்களையும் ஐந்தாறு பள்ளிப் பிள்ளைகளையும் கூப்பிடுங்கள். அவர்கள் பேசி முடிக்கும்வரை அதிகாரிகள் குறிப்பு மட்டும் எடுக்கட்டும்.