ஒரு கிளிக்குக்கு 9 ரூபாய் ஏன்?

கேள்வி: ஹோட்டல்களுக்கான டில்டிங் கிரைண்டர் தயாரிக்கிறேன். கூகுளில் தேடிப் பார்த்தால் என் விளம்பரம் மட்டும்தான் வருகிறது. ஆனாலும் கிளிக்குக்கு 9 ரூபாய் பிடிக்கிறார்கள். போட்டியே இல்லாதபோது ஒரு ரூபாய்க்குத் தரக்கூடாதா?
- வாசகர், கோவை

பதில்: தேடல் பக்கத்தில் விளம்பர இடத்தைக் கூகுள் ஏலத்தில்தான் தருகிறது. கேட்பவர் நீங்கள் ஒருவரே என்றாலும் ஏலம் ஏலம்தான். வங்கியின் நகை ஏலத்துக்கு ஒரே ஒருவர் வந்தாலும், வங்கி வைத்த ஆரம்ப விலைக்குக் கீழே நகை கைமாறாது. கூகுளும் ஒவ்வொரு தேடலுக்கும் அப்படி ஒரு கீழ்வரம்பு வைக்கிறது. பக்கத்தில் வேறு விளம்பரம் இல்லாவிட்டால், அந்த வரம்பைத் தாண்ட எவ்வளவு வேண்டுமோ அதுதான் உங்கள் விலை. அந்த 9 ரூபாய் பெரும்பாலும் அதுவாகத்தான் இருக்கும். இன்னொன்று: மற்றவர் விளம்பரம் தெரியவில்லை என்பதால் போட்டி இல்லை என்று முடிவுகட்ட வேண்டாம். அவர்களும் ஏலம் கேட்டு, வரம்பைத் தாண்ட முடியாமல் வெளியே நின்றிருக்கலாம்.

இந்த வரம்பை எந்த விலைப்பட்டியலிலும் பார்க்க முடியாது. தேடியவர் இருக்கும் ஊர், கையில் இருப்பது போனா கணினியா, தேடிய பொருள் என்ன என்பதற்கேற்ப அது மாறும். பக்கத்தின் உச்சியில் இடம் வேண்டுமானால் கூடும். எல்லாவற்றையும்விட உங்களுக்கு முக்கியமானது, விளம்பரத்தின் தரம் (தேடியவருக்கு விளம்பரமும் அது திறக்கும் பக்கமும் எவ்வளவு பொருந்தும், அவர் அதைத் தொடுவாரா என்று கூகுள் போடும் மதிப்பீடு) குறைந்தால் வரம்பு ஏறும் என்பது. தொகையைக் கூட்டுவதற்கு முன் தரத்தைப் பாருங்கள் என்று வருகிற எல்லோரிடமும் நான் மன்றாடுவது இதனால்தான்.

நீங்கள் அனுப்பிய தேடல் சொற்கள் பட்டியலை, அதாவது எதைத் தேடியவர்களுக்கு உங்கள் விளம்பரம் வந்தது என்ற பட்டியலை, வரிவரியாகப் படித்தேன். ‘கிரைண்டர் கல் கொத்துபவர்’, ‘கிரைண்டர் பெல்ட் விலை’, ‘பழைய கிரைண்டர் விற்பனைக்கு’. இவர்களில் யார் புது டில்டிங் கிரைண்டர் வாங்கப்போகிறார்கள்? பெரும்பாலோர் விளம்பரத்தைத் தாண்டிப் போய்விடுகிறார்கள். தொடுகிற சிலரும் உங்கள் காசைத்தான் கரைக்கிறார்கள். கொத்துபவர், பெல்ட், பழைய, ரிப்பேர் ஆகிய சொற்களை இன்றே நெகட்டிவ் கீவேர்டாக, அதாவது இவற்றைத் தேடுபவருக்கு விளம்பரம் காட்ட வேண்டாம் என்று, சேருங்கள். விளம்பரத்தைத் தொட்டால் திறக்கும் பக்கத்தையும் மாற்ற வேண்டும். இப்போது மேலே இருப்பது குத்துவிளக்கு ஏற்றும் திறப்பு விழாப் படம். பத்து லிட்டர் கிரைண்டரின் விலையும் மோட்டார் திறனும் மிகவும் கீழே கிடக்கின்றன. ஹோட்டல்காரர் முதலில் தேடுவது அந்த இரண்டையும்தான். அவற்றை மேலே கொண்டுவாருங்கள்.

கேள்வி: கிளிக்குக்குக் குறைந்தது 5 சென்ட் என்று ஒரு பழைய புத்தகத்தில் படித்தேன். அது இன்றும் உண்டா?
- கல்லூரி மாணவி, திருச்சி

பதில்: இல்லை. 1998இல் பில் கிராஸ் அமெரிக்காவில் தொடங்கிய கோடூ.காம் தேடுதளத்தில் ஏலம் ஒரு சென்ட்டிலிருந்து ஆரம்பமானது. கேட்ட தொகையை அப்படியே கட்ட வேண்டும். 2002இல் கூகுள் கிளிக் ஏலத்துக்கு வந்தபோது, கீழே உள்ளவரை மிஞ்ச எவ்வளவு தேவையோ அவ்வளவு கட்டினால் போதும் என்றது. நீங்கள் படித்த 5 சென்ட் அந்தக் காலத்து அடிவிலை. 2005இல் சொல்லுக்குச் சொல், தரத்துக்கேற்ப அடிவிலை மாறத் தொடங்கியது. 2008இல் அந்த அடிவிலையையும் எடுத்துவிட்டு, முதல் பக்கத்துக்கு வர எவ்வளவு தேவைப்படும் என்ற மதிப்பீட்டை மட்டும் காட்டினார்கள். இன்று ஒவ்வொரு தேடலின்போதும் வரம்பு புதிதாகக் கணக்காகிறது.

தரத்தின் பலத்தை ஒரு கணக்கில் பாருங்கள், புரிவதற்காக எளிமையாக்கியிருக்கிறேன். ஒருவர் 20 ரூபாய் கேட்கிறார், தரம் 4, பெருக்கினால் 80. இன்னொருவர் 12 ரூபாய்தான் கேட்கிறார், தரம் 8, பெருக்கினால் 96. மேலிடம் இரண்டாமவருக்கு. அவர் கட்டுவதோ 12 ரூபாய்கூட அல்ல. 80ஐ 8ஆல் வகுத்தால் வரும் 10 ரூபாயும் கொஞ்சம் பைசாவும்தான். குறைவாகக் கேட்டவர் மேலே நிற்கிறார், கேட்டதிலும் குறைவாகவே கட்டுகிறார். சிறு வியாபாரிக்குப் பெரிய கம்பெனியோடு மோத இருக்கும் உண்மையான வழி இது. இதைக் கற்றுக்கொடுக்காமல் ‘பட்ஜெட்டைக் கூட்டுங்கள்’ என்று மட்டும் சொல்லும் ஆலோசகர்கள் மீது எனக்குக் கோபமே வருகிறது.

கேள்வி: ‘ஒரு கிளிக் 2 ரூபாய், உத்தரவாதம்’ என்று ஒரு விளம்பர ஏஜென்சி சொல்கிறது. பல் மருத்துவமனை நடத்துகிறோம். நம்பலாமா?
- வாசகி, மதுரை

பதில்: 2 ரூபாய்க்குக் கிளிக் கிடைக்கும். எங்கிருந்து என்பதைத்தான் கேட்க வேண்டும். ‘பல் வேர் சிகிச்சை மதுரை’ என்று தேடுபவரின் கிளிக்கை அந்த விலைக்கு எவராலும் உத்தரவாதம் செய்ய முடியாது. விலை ஏலத்தில் முடிவாவது, ஏஜென்சியின் கையில் இல்லை. இவ்வளவு மலிவாக வருபவை பெரும்பாலும் விளையாட்டுச் செயலிகளுக்குள் வரும் விளம்பரங்கள். அம்மாவின் போனில் விளையாடும் குழந்தையின் விரல் பட்டாலும் அது ஒரு கிளிக்தான். பல்வலிக்காரர் அங்கே இல்லை.

ஒப்பந்தத்துக்கு முன் மூன்று விஷயங்களை எழுத்தில் வாங்குங்கள். விளம்பரக் கணக்கு உங்கள் பெயரில் இருக்க வேண்டும். விளம்பரம் தேடல் பக்கத்தில் மட்டும் வர வேண்டும். தேடல் சொற்கள் பட்டியலை மாதாமாதம் தர வேண்டும். சொல்லும் விலையில் 18 சதவீத ஜிஎஸ்டி சேர்ந்திருக்கிறதா என்றும் கேட்டுவிடுங்கள்.